52 வயது பரோட்டா மாஸ்டருக்குப் பெர்மிட் கிடைக்குமா? சிங்கப்பூரின் புது விதிகளும் முதலாளியின் பொறுப்பும்

சந்துக்கடை மெஸ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். செராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் சின்ன மெஸ் நடத்துகிறேன். சிவகங்கைப் பக்கம் ஒரு பரோட்டா மாஸ்டர் இருக்கிறார். முன்பு இங்கே எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் ஊழியருக்கான, பெர்மிட்டுக்கு மேல்படி வேலை அனுமதி) வேலை பார்த்தவர், கை நல்ல கை. அவருக்கு இப்போது 52 வயது. முன்பெல்லாம் 50 தாண்டினால் நம் ஊர்க்காரருக்குப் புது வேலை அனுமதி கிடையாது என்பார்கள். இப்போது வயது வரம்பை ஏற்றிவிட்டார்கள், சமையல்காரர்களுக்கும் வழி திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

என் கடையில் உள்ளூர் ஆட்கள் முழுநேரம் 9 பேர். பகுதிநேரம் 2 பேர், ஆளுக்கு மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்குகிறார்கள். மலேசியர் 3 பேர் வேலை பெர்மிட்டில் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் கேட்டுவிடுகிறேன். ஓர் ஏஜண்ட் வந்தார். "2,000 வெள்ளி என்று விண்ணப்பத்தில் காட்டுங்கள், பேங்கில் போடுங்கள், அப்புறம் லெவிக்கு என்று 700 வெள்ளியைக் கையில் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார். எனக்கு மனது ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பெட்டி எழுதியது:

அண்ணே, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். செய்யாதீர்கள். அந்த ஏஜண்டை இனிமேல் கடைக்குள் விடாதீர்கள்.

வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. வேலை கொடுத்ததற்காகவோ தொடர்ந்து வைத்துக்கொள்வதற்காகவோ ஊழியரிடம் பணமோ வேறு ஆதாயமோ வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பணம் கைமாறிய இடம் சிங்கப்பூராக இருந்தாலும் சிவகங்கையாக இருந்தாலும் குற்றம் குற்றம்தான். நேரடியாக வாங்கினாலும் மச்சான் மூலமாக வாங்கினாலும் அதே கதை. லெவி என்பது வெளிநாட்டு ஊழியரை வைத்திருப்பதற்காக முதலாளி அரசுக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய வரி. அதில் ஒரு காசைக்கூட ஊழியர் தலையில் வைக்க முடியாது. பாண்ட் (ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கொடுக்கும் பிணை) கட்டணம், காப்புறுதிப் பணம் இரண்டுக்கும் இதேதான்.

"எல்லாரும் செய்கிறார்கள்" என்று ஏஜண்ட் சொல்வதை நம்ப வேண்டாம். நான் மூன்று உணவகங்களுக்குச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். மூன்றிலும் யாரும் செய்யவில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. 2025 ஜூலை 1 முதல் பெர்மிட்காரர் 63 வயது வரை வேலை பார்க்கலாம், முன்பு 60. புதிதாக விண்ணப்பிப்பவருக்கு வரம்பு 61. முன்பு மலேசியருக்கு 58, மற்றவர்களுக்கு 50 என்று இருந்தது. ஒருவர் மொத்தம் இத்தனை ஆண்டுதான் இங்கே பெர்மிட்டில் இருக்கலாம் என்ற உச்சவரம்பும், அதாவது அந்த 14 முதல் 26 ஆண்டுக் கணக்கு, அதே தேதியில் போய்விட்டது. ஆக 52 வயது இப்போது தடையில்லை.

சமையல்காரர் விஷயம் வேறு வழியில் வந்தது. இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் போன்ற நாட்டுக்காரர்களைச் சேவைத் துறையில் பெர்மிட்டில் எடுக்க முன்பு முடியாது. அதனால்தான் உங்கள் மாஸ்டர் எஸ் பாஸில் வந்திருக்கிறார். 2023 செப்டம்பரில் ஒரு தொழில் பட்டியல் போட்டார்கள். அதில் இந்திய உணவகச் சமையல்காரர் வேலையும் இருந்தது. 2025 செப்டம்பரில் எல்லா வகைச் சமையல்காரர்களையும், கனரக வாகன ஓட்டுநர்களையும் சேர்த்தார்கள். இதற்கு இரண்டு நிபந்தனைகள். நிலையான மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது. இந்தப் பட்டியலில் வருகிறவர்கள் மொத்த ஆள்பலத்தில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

உங்கள் கடைக் கணக்கைச் சாயங்காலம் போட்டு எழுதுகிறேன்.

---

ரேஸ்கோர்ஸ் ரோடு எழுதியது:

கணக்குப்பெட்டி சொன்னதெல்லாம் சரி. நானும் உணவகம்தான் வைத்திருக்கிறேன். ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: வயது கூடுதலான ஆளை எடுக்கும்போது மருத்துவச் செலவை யோசித்து எடுங்கள்.

2023 ஜூலை 1 முதல் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும். முன்பு 15,000தான். பல முதலாளிகளுக்குத் தெரியாத இடம் இனிமேல்தான் வருகிறது. முதல் 15,000 வெள்ளியைக் காப்புறுதி நிறுவனம் முழுதாகக் கட்டும். அதற்கு மேலே போனால் நான்கில் ஒரு பங்கு முதலாளி கையிலிருந்து போக வேண்டும். மருத்துவமனை பில் 43,000 வந்தது என்று வையுங்கள். 15,000 போக மிச்சம் 28,000. அதில் 7,000 உங்களுடையது. வரம்பைத் தாண்டிப் போனால் தாண்டியது முழுக்க உங்களுடையது, ஏனென்றால் ஊழியரின் சிகிச்சைக்குச் சட்டப்படி பொறுப்பு முதலாளிதான். காப்புறுதி அந்தப் பாரத்தில் ஒரு பகுதியைத்தான் தாங்குகிறது.

2025 ஜூலை 1க்குப் பிறகு இரண்டாம் கட்டம் வந்தது. 50 வயது வரை ஒரு சந்தா, 50க்கு மேல் வேறு சந்தா. மருத்துவமனைக்குக் காப்புறுதி நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டிவிடுகிறது, முதலாளி முதலில் கட்டிவிட்டு அலைய வேண்டியதில்லை. அது நல்ல மாற்றம். ஆனால் உங்கள் மாஸ்டருக்கு 52, சந்தா கூடும்.

இதைச் சொல்வது அவரை எடுக்க வேண்டாம் என்பதற்காக இல்லை. அனுபவமுள்ள ஆள் அடுப்பில் நின்றால் கடை நிற்கும். ஆனால் செலவு தெரிந்து எடுங்கள். பாதியில் காசு போதவில்லை என்று அவர் சம்பளத்தில் கை வைக்கும் நிலை வரக் கூடாது.

---

ஜூரோங் சப்கான் எழுதியது:

எல்லாரும் முதலாளிதான் கட்ட வேண்டும், முதலாளிதான் பொறுப்பு என்கிறீர்கள். கட்டுமானத்தில் வந்து பாருங்கள். 2024 ஜனவரி முதல் லெவி உயர்திறன் ஊழியருக்கு 500, அடிப்படைத் திறனுக்கு 900. முன்பு ஓர் உள்ளூர் ஆளுக்கு 7 பெர்மிட் என்று இருந்தது, அதை 5 ஆக்கிவிட்டார்கள். தங்குவிடுதி வாடகை ஏறிக்கிடக்கிறது. மேல்காண்ட்ராக்டர் விலையை ஒரு வெள்ளி ஏற்றித் தருவதில்லை. எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் எங்கே போவது? ஊழியரிடம் வாங்குவது தப்புதான், நான் வாங்கவில்லை. ஆனால் வாங்குகிறவன் எல்லாம் ராட்சசன் என்று பேசாதீர்கள். அவன் கழுத்தையும் ஒருவன் நெரிக்கிறான்.

---

துவாஸ் இரவு ஷிப்ட் எழுதியது:

நான் முதலாளி இல்லை, ஊழியர். இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். சப்கான் அண்ணன் எழுதியதைப் பார்த்ததும் எழுதலாம் என்று தோன்றியது.

முதல் தடவை வந்தபோது ஊரில் மூன்றரை லட்சம் ரூபாய் கொடுத்துத்தான் வந்தேன். பாதி அப்பா நிலத்தை ஒத்திக்கு வைத்தது, மீதி வட்டிக்கு வாங்கியது. இங்கே வந்து சேர்ந்த பிறகு பெர்மிட் புதுப்பிக்கும்போது மேஸ்திரி வந்து "ஆளுக்கு இவ்வளவு கொடுத்தால்தான் முதலாளி கையெழுத்துப் போடுவார்" என்றார். ரசீது இல்லை, எழுத்து இல்லை. கொடுக்காதவர்களுக்குப் பெர்மிட் புதுப்பிக்கவில்லை. ஒத்தியை மீட்காமல் ஊருக்கு எப்படித் திரும்புவது? கொடுத்தேன்.

அண்ணே, உங்கள் கழுத்தை நெரிப்பவனிடம் நீங்கள் விலை பேசலாம், வேறு காண்ட்ராக்ட் தேடலாம். எங்களால் முதலாளியைக்கூட லேசில் மாற்ற முடியாது. சம்பளத்தில் 700 வெள்ளியைத் திருப்பி வாங்குவது என்றால் அது எங்கள் வீட்டில் ஒரு மாத அரிசியும் பிள்ளை பள்ளிக்கூடப் பணமும். சந்துக்கடை அண்ணன் மனது ஒப்பவில்லை என்று எழுதியதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது.

---

ஜூரோங் சப்கான் எழுதியது:

தம்பி, உன் நிலைமை புரிகிறது. அந்த மேஸ்திரிக்காக நான் வாதாடவில்லை. ஆனால் விலை பேசலாம் என்பது சொல்ல எளிது. டெண்டரில் குறைந்த விலை போட்டவனுக்குத்தான் வேலை. லெவியை ஏற்றும்போது அந்த ஏற்றம் மேல்காண்ட்ராக்டர் வரை போகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதையும் பேசுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

---

கணக்குப்பெட்டி எழுதியது:

சப்கான் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லெவி ஏறும்போது பழைய விலையில் ஓடும் காண்ட்ராக்ட்டுகள் சின்ன நிறுவனங்களைக் கடிக்கின்றன. ஆனால் அதற்கான பேச்சு மேல்காண்ட்ராக்டரிடமும் மனிதவள அமைச்சிடமும் நடக்க வேண்டும். கடன்பட்டு வந்தவர் கையில் அந்த பில்லைக் கொடுக்க முடியாது.

சரி, சந்துக்கடை அண்ணன் கணக்கு.

சேவைத் துறையில் வெளிநாட்டு ஊழியர் மொத்த ஆள்பலத்தில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உள்ளூர் ஆள் எத்தனை என்பதை மத்திய சேம நிதிக் கணக்கை வைத்துப் பார்ப்பார்கள், கடந்த மூன்று மாதச் சராசரி. 1,600 வெள்ளியும் அதற்கு மேலும் வாங்குகிறவர் ஒருவர். 800க்குக் குறையாமல், ஆனால் 1,600க்குக் கீழே வாங்குகிறவர் அரை ஆள். இது 2024 ஜூலையில் வந்த அளவு, முன்பு 1,400. உங்கள் கடையில் 9 முழு ஆள், இரண்டு அரை ஆள், ஆக 10. மலேசியர் 3, மாஸ்டர் 1. மொத்தம் 14. இதில் 35 விழுக்காடு 4.9, கீழே இறக்கினால் 4. நான்கு பேர் வைக்கலாம். 8 விழுக்காடு 1.12, ஆகவே பட்டியல் சமையல்காரர் ஒருவர். சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் இறுக்கமாகப் பொருந்துகிறது. உள்ளூர் முழுநேர ஆள் இரண்டு பேர் வேலையை விட்டால் மொத்தம் 12. அதில் 8 விழுக்காடு 0.96, ஒருவர்கூடத் தேறாது. மாஸ்டரின் பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாமல் போகும், ரத்தாகவும் இடமுண்டு. உள்ளூர் ஊழியர்களைத் தக்கவைப்பதுதான் உங்கள் மாஸ்டருக்கு உண்மையான பாண்ட். கடை தனிநபர் நிறுவனமாகப் பதிவாகியிருந்தால் உங்கள் பெயரை உள்ளூர் ஆள் கணக்கில் சேர்க்க முடியாது, அதையும் பாருங்கள். விண்ணப்பிக்கும் முன் மனிதவள அமைச்சின் தளத்தில் உள்ள ஒதுக்கீட்டுக் கணக்கியில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஆள்கணக்கு இடிக்கும்போது சிலர் அத்தைக்கும் மாமியாருக்கும் சேம நிதி கட்டி ஆள்பலம் காட்டுவார்கள். வேலைக்கே வராத ஆளைக் காட்டுவது பொய்த் தகவல். 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. அந்த வழியையும் ஏஜண்ட் சொல்லித் தருவார், கேட்காதீர்கள்.

லெவி இப்போது. சேவைத் துறையில் மூன்று படிகள். ஆள்பலத்தில் முதல் 10 விழுக்காடு வரை மாதம் 300 அல்லது 450, 25 வரை 400 அல்லது 600, அதற்கு மேல் 35 வரை 600 அல்லது 800. சிறிய தொகை உயர்திறனுக்கு, பெரியது அடிப்படைத் திறனுக்கு. உங்கள் நான்காவது ஆள் மூன்றாம் படியில் விழுகிறார். அப்படியானால் 2,000 சம்பளத்துக்கு மேல் 800 வரை லெவி, அப்புறம் காப்புறுதி, தங்குமிடம். மாதம் 3,000 தாண்டும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்தச் செலவைப் பரோட்டா விற்று எடுக்க முடியுமானால் எடுங்கள். முடியாதென்றால் இப்போதே விட்டுவிடுவது நல்லது.

லெவி அடுத்த மாதம் 17ஆம் தேதி ஜைரோவில் (பேங்க் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறை) பிடிப்பார்கள். கணக்கில் பணம் இல்லாமல் தாமதமானால் மாதம் 2 விழுக்காடு அல்லது 20 வெள்ளி, எது கூடுதலோ அது அபராதமாகச் சேரும். மாஸ்டர் ஊருக்கு விடுப்பில் போனால் தொடர்ந்து 7 நாளோ அதற்கு மேலோ வெளியில் இருந்த காலத்துக்கு லெவி விலக்கு கேட்கலாம், ஆண்டுக்கு 60 நாள் வரை. இதைக் கேட்காமலே விடுகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் உரிமை, கேளுங்கள்.

---

காரைக்குடி டூ சாங்கி எழுதியது:

ஊர்ப்பக்க விவரம் நான் சொல்கிறேன். இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப அரசு உரிமம் பெற்ற முகவரால்தான் முடியும். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். அந்த முகவர் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். லட்சக் கணக்கில் கேட்கிறவர் எவராக இருந்தாலும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

சிங்கப்பூரில் உள்ள முகவருக்கும் வரம்பு உண்டு. ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் ஊழியரிடம் வாங்கக் கூடாது.

சந்துக்கடைக்காரர் ஆளை ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறார். பிறகு ஏஜண்ட் எதற்கு? சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் மின்னடையாளக் கணக்கு) வழியாகத் தானே விண்ணப்பம் போடலாமே. நடுவில் ஆள் இல்லை என்றால் மாஸ்டருக்குக் கடன் இல்லை. கடன் இல்லாத ஊழியர் முதல் நாளிலிருந்தே வேலையில் கவனமாக இருப்பார்.

---

சந்துக்கடை மெஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாஸ்டரிடம் போனில் பேசினேன். ஊரில் ஒருவர் ஏற்கெனவே அவரிடம் "உனக்கு சீட்டு வந்திருக்கு, இரண்டு லட்சம் ரெடி பண்ணு" என்று சொல்லியிருக்கிறார். நான் யாரையும் அனுப்பவில்லை, யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை.

இரண்டு கேள்வி. என் தம்பிக்குப் பக்கத்துத் தெருவில் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. தனிப் பதிவு. வார இறுதியில் கூட்டம் இருந்தால் மாஸ்டரை அங்கே இரண்டு மணி நேரம் அனுப்பலாமா? கடைக்கு மேல் மாடியில் இடம் இருக்கிறது, அங்கே தங்க வைக்கலாமா?

---

ரேஸ்கோர்ஸ் ரோடு எழுதியது:

தம்பி கடைக்கு அனுப்பவே கூடாது. ரத்த சொந்தம் என்பதைச் சட்டம் பார்க்காது. பெர்மிட்டில் எந்த முதலாளி பெயர் இருக்கிறதோ அவரிடம் மட்டும், எந்த வேலை என்று போட்டிருக்கிறதோ அதை மட்டும் செய்ய வேண்டும். தம்பி கடையில் அவர் ஒரு மணி நேரம் நின்றாலும் உங்கள் தம்பி சட்டவிரோதமாக ஆள் வைத்தவர் ஆகிறார். 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மாஸ்டர் மீதும் வழக்கு வரும். முதலாளி சொன்னார் என்று போன அவருக்கு வேலையும் போகும், திரும்ப இந்த ஊருக்கு வரும் வாய்ப்பும் போகும். சமையல்காரர் என்று எடுத்துவிட்டு மேசை துடைக்கவும் டெலிவரிக்கும் அனுப்புவதும் கூடாது.

மாடியில் தங்க வைக்க அந்த இடத்துக்கு ஊழியர் தங்குமிட அனுமதி நகர மறுசீரமைப்பு ஆணையத்திடமிருந்து இருக்க வேண்டும். கடை வீடு என்பதால் தானாகவே அனுமதி கிடைத்துவிடாது. ஏழு படுக்கையும் அதற்கு மேலும் உள்ள விடுதி என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் தங்குவிடுதிச் சட்டத்தின் கீழும் வரும். ஒருவர் இருவர் என்றால் முறையாக அறை வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். எங்கே தங்கினாலும் முகவரியை அமைச்சின் தளத்தில் பதிய வேண்டும். மாறினால் 5 நாளுக்குள் மாற்ற வேண்டும். அறை மாற்றிய பிறகு முகவரியை மாற்ற மறந்து மாட்டிக்கொள்ளும் கடைகள் உண்டு.

---

பீஷான் ஐடி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வல்லுநர், மேலாளர்களுக்கான வேலை அனுமதி) பற்றி யாராவது சொல்ல முடியுமா? எங்கள் சின்ன மென்பொருள் நிறுவனத்துக்குச் சென்னையிலிருந்து ஒருவரை எடுக்க நினைக்கிறோம்.

---

கணக்குப்பெட்டி எழுதியது:

சுருக்கமாக: 2025 ஜனவரி முதல் புது விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600, நிதித் துறைக்கு 6,200. இது இளையவருக்கு, வயது ஏற ஏறத் தொகையும் ஏறும். அதோடு காம்பஸ் புள்ளி முறையில் 40 எடுக்க வேண்டும். வல்லுநர், மேலாளர் நிலை ஊழியர்கள் 25 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு இரண்டு அளவுகோலில் தலா 10 புள்ளி தானாகவே கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன் மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் 14 நாள் விளம்பரம் போட்டிருக்க வேண்டும், 10 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு விலக்கு. இன்னும் கேட்க வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

---

நெறியாளர் எழுதியது:

ஆம், இந்த இழை பெர்மிட் ஊழியர்களோடு நிற்கட்டும். ஏஜண்ட் பெயர், தொலைபேசி எண் எதையும் இங்கே போட வேண்டாம். தனிச்செய்தியில் "ஆள் தருகிறேன்" என்று யாராவது வந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்.

---

துவாஸ் இரவு ஷிப்ட் எழுதியது:

ஊழியர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? ஐபிஏ கடிதம் (பெர்மிட்டுக்கு அமைச்சு தரும் கொள்கையளவு ஒப்புதல்) வந்ததும் மாஸ்டர் விமானம் ஏறும் முன்பே அவருக்கு அனுப்புங்கள். தமிழில் உள்ள பிரதியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று இருக்கும். எனக்கு அது கிடைக்கவே இல்லை. இங்கே வந்த பிறகு வேறு ஒருவர் போனில் காட்டித்தான் என் சம்பளம் என்னவென்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது எனக்குத் தெரிந்தது. கையில் வந்தது அதைவிடக் குறைவு.

கடவுச்சீட்டையும் பெர்மிட் அட்டையையும் அவரிடமே விட்டுவிடுங்கள். "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று நல்ல எண்ணத்தில் வாங்கி வைப்பவர்கள்கூட உண்டு. சட்டம் அதை அனுமதிக்கவில்லை. அது தன் கையில் இருக்கும் போதுதான் ஒரு மனிதருக்குத் தைரியம் இருக்கும்.

---

கணக்குப்பெட்டி எழுதியது:

தம்பி சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஐபிஏயில் உள்ள நிலையான மாதச் சம்பளம்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். கடையில் வியாபாரம் மந்தம், மாஸ்டருக்கு வேலை இல்லை என்றாலும் அந்தத் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். குறைக்க வேண்டுமானால் ஊழியர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அமைச்சுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மாஸ்டருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2,000க்குக் கீழே இறங்கினால் அவர் பெர்மிட்டுக்கான தகுதியே போய்விடும்.

உணவகங்கள் அதிகம் சறுக்கும் இடம் ஓவர்டைம். காலை பத்து மணிக்கு வந்து இரவு பதினொரு மணிக்குப் போவது நம் கடைகளில் வழக்கம் போல ஆகிவிட்டது. சட்டம் வாரத்துக்கு 44 மணி நேரம் என்கிறது. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. 2,000 முழுக்க அடிப்படைச் சம்பளம் என்றால் ஒரு மணிக்கு 10.49, ஓவர்டைம் ஒரு மணிக்கு 15.73 வெள்ளி வரும். மாதத்துக்கு 72 மணிக்கு மேல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. வாரம் ஒரு நாள் ஓய்வு. "மாதச் சம்பளத்தில் எல்லாம் அடக்கம்" என்று வாய்ப்பேச்சாகச் சொல்வது செல்லாது. நேர அட்டை வையுங்கள், விரல் ரேகை இயந்திரமாக இருந்தாலும் சரி, நோட்டாக இருந்தாலும் சரி. பிணக்கு வந்தால் நேரக் குறிப்பு இல்லாத முதலாளியின் பேச்சு எடுபடாது. மாஸ்டருக்கும் அதுதான் பாதுகாப்பு.

வேலைக்குச் சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், சம்பளச் சீட்டோடு. பேங்கில் போடுங்கள், கையில் கொடுக்க வேண்டாம். இரண்டு ஆண்டுக் கணக்கைக் கோப்பில் வைத்திருங்கள்.

---

ஜூரோங் சப்கான் எழுதியது:

நேர அட்டை விஷயத்தில் நான் முழுக்க உடன்படுகிறேன். எங்கள் சைட்டில் ஒரு தடவை சம்பளப் பிணக்கு வந்தபோது அந்த நோட்டுதான் இரு தரப்பையும் காப்பாற்றியது. ஊழியர் கேட்டதில் பாதி சரியாக இருந்தது, கொடுத்தேன். மீதி சரியில்லை என்று அவரே பார்த்துத் தெரிந்துகொண்டார்.

லெவியைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அடிப்படைத் திறனுக்கும் உயர்திறனுக்கும் 400 வெள்ளி வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். பழைய ஆட்களைத் தேர்வு எழுத வைத்து உயர்திறனுக்கு ஏற்றுவதுதான் எங்களுக்கு உள்ள ஒரே வழி, அதைச் செய்துகொண்டிருக்கிறேன். இப்போது ஆண்டு வரம்பும் போய்விட்டதால் ஏற்றிவிட்ட ஆள் நம்மிடமே இருப்பார் என்ற நம்பிக்கை இருக்கிறது. அது ஒன்றுக்காக இந்த மாற்றத்தை வரவேற்கிறேன்.

---

புதிய உறுப்பினர் 2025 எழுதியது:

நான் உணவகத்தில் வேலை பார்க்கிறேன். ஐபிஏயில் உள்ள சம்பளம் எனக்கு வரவில்லை, மாதம் 500 வெள்ளி திருப்பி வாங்குகிறார்கள். புகார் செய்தால் உடனே டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

---

துவாஸ் இரவு ஷிப்ட் எழுதியது:

அண்ணா, முதலில் ஆதாரம் சேருங்கள். பேங்க் விவரம், பணம் எடுத்த தேதி, யாரிடம் கொடுத்தீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் போனில் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ஐபிஏயின் படம் எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள், உங்கள் போன் போனாலும் அது இருக்கும்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குப் போங்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹோம் அமைப்பும் இருக்கிறது. தமிழ் தெரிந்தவர்கள் உண்டு. நான் போனபோது உட்கார வைத்து நிதானமாகக் கேட்டார்கள்.

---

கணக்குப்பெட்டி எழுதியது:

அதோடு இதையும் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பி வாங்கும் பணத்தைப் பற்றி மனிதவள அமைச்சில் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். சம்பளப் பாக்கிக்குத் தகராறு நிர்வாக முத்தரப்புக் கூட்டணி என்ற டாடம் இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே போகலாம். வேலையை விட்டுவிட்டால் 6 மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே சமரசம் ஆகவில்லை என்றால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை கோரலாம்.

சம்பளக் கணக்கை முழுதாகத் தீர்க்காமல் ஊழியரை ஊருக்கு அனுப்ப முதலாளிக்கு உரிமை இல்லை. அவசரமாக விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனால் குடிநுழைவு முகப்பில் நிற்கும் அதிகாரியிடம் "சம்பளப் பாக்கி இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். உங்கள் ஐபிஏயில் உள்ள தொகையை மட்டும் சொன்னால் போதும், பாக்கியைக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

---

சந்துக்கடை மெஸ் எழுதியது:

விண்ணப்பம் நானே போட்டுவிட்டேன். சம்பளம் 2,100 என்று எழுதியிருக்கிறேன், கையில் அதே 2,100 போகும். பகுதிநேர அக்கா ஒருவர் முழுநேரத்துக்கு மாறச் சம்மதித்திருக்கிறார், ஆள்கணக்கில் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

ஐபிஏ வந்த பிறகு எது எது எந்த வரிசையில் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

---

ரேஸ்கோர்ஸ் ரோடு எழுதியது:

அவர் வந்து இறங்கும் முன்பே 5,000 வெள்ளி பாண்டும் மருத்துவக் காப்புறுதியும் முடிந்திருக்க வேண்டும். மலேசியருக்குப் பாண்ட் கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் உங்களுக்கு இது புதிதாக இருக்கும். காப்புறுதி நிறுவனமே பாண்டையும் சேர்த்துக் கொடுக்கும், முழுத் தொகையை ரொக்கமாகக் கட்டத் தேவையில்லை. வேலைக் காய இழப்பீட்டுக் காப்புறுதியில் அவர் பெயரைச் சேருங்கள், சமையலறையில் எண்ணெய் இருக்கிறது, கத்தி இருக்கிறது.

வந்து இரண்டு வாரத்துக்குள் இங்கே பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனை. அது தேறியதும் பெர்மிட் எடுத்து, முகவரி பதிந்து, பேங்க் கணக்கு திறந்து கொடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முதல் நிலை முடித்திருக்க வேண்டும். முன்பு எடுத்த சான்றிதழ் அவரிடம் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், செல்லுமா என்று சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் கேட்டுக்கொள்ளலாம். பெர்மிட் கைக்கு வரும் வரை அடுப்புப் பக்கம் விட வேண்டாம், மாவு பிசையக்கூட.